இரண்டு என்று சொன்னார்

பிப்ரவரி 9, திங்கள்

இன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் ஒரு பேங்க் மேனேஜர். கிளட்சைப் பட்டென்று விட்டு வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும், "இந்த வண்டியில ஏதோ கோளாறு மேடம்" என்றார். கோளாறு வண்டியில் இல்லை, காலில் என்று சொல்ல வாய் வரை வந்தது. கட்டணம் கட்டியவர் ஆயிற்றே, விழுங்கிக்கொண்டேன். ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் காலடியிலும் ஒரு பிரேக் வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். அது இல்லாவிட்டால் நான் எப்போதோ படமாகத் தொங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் மறுபடியும் கழிவறையில். வெளியே வந்து முகத்தைத் துடைத்தபடி "ஒண்ணுமில்ல" என்றார். நான் எதுவும் கேட்கவே இல்லை. கேட்பதற்கு முன்பே ஒன்றுமில்லை என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்? ரத்தம் போகிறது என்று எனக்குத் தெரியும். துணி துவைப்பது நான்தானே. மூலம் என்று இவரே முடிவு கட்டி, இவரே மருந்துக்கடையில் களிம்பு வாங்கி, இவரே வைத்தியமும் பார்த்துக்கொள்கிறார்.

"நாள் பூரா உக்காந்தே வேலை பாக்கிறவனுக்கு வேற என்ன வரும்?" என்கிறார். லாரிகள் சரக்கோடு ஏறி நிற்கும் எடைமேடைக்கு இவர்தான் பொறுப்பு. பத்துக் கிலோ கூடக் குறைய எழுதச் சொல்லி எத்தனையோ டிரைவர்கள் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள், மிரட்டியும் பார்த்திருக்கிறார்கள். மனிதர் அசைந்ததில்லை. ஊருக்கெல்லாம் சரியாக எடை போடுகிறவருக்குத் தன் உடம்பு மட்டும் எப்போதும் லேசு.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகப்போகிறேன். வரமாட்டேன் என்றால் வண்டியில் கட்டிப் போட்டாவது.

பிப்ரவரி 13, வெள்ளி

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மயக்கம் தெளிந்து வந்தவர், "படம் நல்லா வந்திருக்காம்" என்று சிரித்தார். அந்த டாக்டர் சிரிக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

புற்றுநோய்தான். பெருங்குடலில், இடது பக்கம். வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு கண்ணாடி மீன்.

வெளியே வந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி: "உனக்கு இன்னிக்கு கிளாஸ் இல்லையா?"

பயமாக இருக்கிறது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஒரு சின்ன டாக்டர் வந்து எங்களோடு உட்கார்ந்து பேசினாள். பெரிய டாக்டருக்குக் கீழே வேலை பார்க்கிறவள். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். ஏதோ ஒரு ஆராய்ச்சி நடத்துகிறாளாம், அதில் இவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"கட்டியை எடுக்க ரெண்டு வழி இருக்கு சார். வயித்தை நீளமா திறந்து எடுக்கலாம். இல்லன்னா நாலஞ்சு சின்ன ஓட்டை போட்டு, கேமராவும் கருவியும் உள்ள விட்டு எடுக்கலாம். எதுல வலி கம்மி, எதுல சீக்கிரம் எழுந்து நடக்கிறாங்க, எதுல நோய் திரும்பி வராம இருக்குன்னு பாக்கிறோம்."

"எது நல்லதுன்னு உங்களுக்கே தெரியாதா?" என்று கேட்டேன்.

"முழுசா தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்கும்மா?"

நேரான பதில்தான். எனக்குத்தான் பிடிக்கவில்லை. தெரியாத ஆளிடமா வயிற்றைக் கொடுப்பது?

யாருக்கு எந்த வழி என்பதை டாக்டர் முடிவு செய்யமாட்டார். கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சொல்லும். அதைவிட வேடிக்கை, முடிந்த பிறகு எல்லோருக்கும் ஒரே மாதிரி பெரிய கட்டு. நெஞ்சுக்குக் கீழிருந்து அடிவயிறு வரை. ஓட்டை போட்டவருக்கும் அதே, திறந்தவருக்கும் அதே. தனக்கு எது நடந்தது என்று ஐந்து நாளைக்கு நோயாளிக்குத் தெரியாது, வார்டு நர்ஸுக்கும் தெரியாது. ஒரு நர்ஸ் வந்து வலி எவ்வளவு என்று கேட்பாள், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். சின்னக் காயம் என்று தெரிந்துவிட்டால் ஆளுக்கு வலியே குறைந்த மாதிரி தோன்றிவிடுமாம். அதனால்தான் இந்தக் கட்டு.

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது நம்ம மேடை மாதிரில்ல இருக்கு! எடை போடறப்போ டிரைவரைக் கீழ இறங்கி நில்லுன்னு சொல்லுவோம். ஏறி நிக்கிறவன் எடையும் அதுல சேர்ந்துடும்" என்று அவளிடம் விளக்கினார். அவள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். குடலை வரைந்து காட்டினாள், இவர் அசட்டுத்தனமாக ஏதோ கேட்டபோதும் சிரிக்காமல் மறுபடி வரைந்தாள். எங்களுக்காக அவள் சாப்பாடு தள்ளிப்போய்விட்டது. திரும்பும்போது பார்த்தேன், மாடிப்படி ஓரத்தில் நின்றபடி ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள்.

"நல்ல பொண்ணு" என்றார் இவர். அப்போதே தெரிந்துவிட்டது, கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று.

பிப்ரவரி 25, புதன்

சண்டை. "நீங்க என்ன எலியா, முயலா?" என்றேன். "யாராவது ஒருத்தர் மேடையில ஏறினாத்தானே எடை தெரியும்" என்றார். இவரோடு பேசி ஜெயிக்க என்னால் ஆகாது. பையனுக்குப் போன் போட்டு முறையிட்டேன். அவனும் அப்பா கட்சி.

மார்ச் 4, புதன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். பையன் ஊரிலிருந்து வந்திருந்தான். நாத்தனாரும் வந்திருந்தாள். மூன்று பேரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். மதியம் தாண்டி சின்ன டாக்டர் வெளியே வந்து, "கட்டியை முழுசா எடுத்தாச்சு. குடலைச் சேர்த்துத் தச்சாச்சு" என்றாள். எந்த வழியில் என்று வாயைக் கிளறிப் பார்த்தாள் நாத்தனார். சின்ன டாக்டர் புன்னகையோடு சரி. யார் கத்தி பிடித்தார்கள் என்றும் சொல்லவில்லை. இரண்டு டாக்டர்களும் உள்ளே இருந்தார்கள், அவ்வளவுதான்.

இவரைப் பார்த்தேன். போர்வைக்குள் மெத்தையைக் கட்டிக்கொண்டு படுத்த மாதிரி அவ்வளவு பெரிய கட்டு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அழுதுவிட்டேன். நிம்மதியில்தான்.

மார்ச் 5, வியாழன்

எண் கேட்கிற நர்ஸுக்கு நான் கேள்வி நர்ஸ் என்று பெயர் வைத்துவிட்டேன். வருகிறாள், கேட்கிறாள், குறித்துக்கொள்கிறாள், போகிறாள். இன்று இவர், "சும்மா இருந்தா நாலு. இருமினா ஆறு" என்று தராசு பார்த்துச் சொல்வதுபோல் யோசித்துச் சொன்னார்.

பையன் ஊருக்குக் கிளம்பினான், லீவு இல்லை. இவரைப் பிடித்து எழுப்பி நாலடி நடக்க வைத்தார்கள். திரும்பி வந்து படுத்தபோது வராந்தாவில் பெரிய டாக்டரின் குரல் கேட்டது. "ஓட்டை வழியா எட்டிப் பாக்கிறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? எண்ணு சரியா வரலன்னா மூட்டை கட்டிட வேண்டியதுதான்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுச் சிரித்தார். பதிலுக்குச் சின்ன டாக்டரும் ஏதோ சொன்னாள், அது காதில் விழவில்லை.

இவர் முகம் இறுகிவிட்டது. "பாவம், அந்தப் பொண்ணை இப்படியா பேசுவாங்க" என்றார்.

மார்ச் 6, வெள்ளி

கேள்வி நர்ஸ் வந்தாள்.

"ரெண்டு" என்றார்.

"இருமினா?"

இருமிக் காட்டினார். "அதுவும் ரெண்டுதான்."

கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கை வெளுத்துப் போயிருந்தது. அவள் எழுதிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவள் போனதும் பிடித்துக்கொண்டேன். "எடைமேடையில உக்காந்தவர் பேசற பேச்சா இது?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஓட்டைதான் போட்டிருக்காங்க. மயக்கம் தெளியறப்போ கேமராவைத் தொடச்சு வைன்னு யாரோ சொன்னது நல்லா காதுல விழுந்துது. நான் ஆறு ஏழுன்னு சொன்னா, ஓட்டை வழிதான் நல்லதுங்கிற அந்தப் பொண்ணு பக்கம் இறங்கிடும். அவ நல்லா வரணும்."

"அதுக்காகப் பொய் சொல்லுவீங்களா?"

"நான் ஒருத்தன் ரெண்டுன்னு சொன்னா என்ன குடி முழுகிடும்?"

ஆயுள் முழுக்க யாருக்காகவும் ஒரு கிலோ மாற்றி எழுதாத மனிதர். யாரோ பெற்ற பெண்ணுக்காக மேடையில் தானே ஏறி நின்றுகொண்டார். எனக்கு அப்போது கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் இவர் மேல் ஆசையாகத்தான் இருந்தது. போர்வையை இழுத்துவிட்டு, "கிறுக்கு மனுஷன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 7, சனி

சூப் வேண்டாம் என்றுவிட்டார். வயிறு கட்டுக்குள் விம்மிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. தோள்பட்டை வேறு வலிக்கிறதாம், வயிற்றில் ஆபரேஷன் செய்தால் தோள் ஏன் வலிக்கும்? படுத்த வாக்கில் சரியில்லை போலும்.

கேள்வி நர்ஸுக்கு இன்றும் இரண்டு. ரவுண்ட்ஸ் வந்த சின்ன டாக்டரிடம், "சும்மா ஜம்முனு இருக்கேன் டாக்டரம்மா" என்றார். காய்ச்சல் இல்லை, நாடித் துடிப்பும் சரியாக இருந்தது. அவள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நான் அவள் பின்னால் போவதற்கு எழுந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏழு இருக்கும். எட்டுன்னே வெச்சுக்கோ. நாளைக்குச் சரியாயிடும். கட்டு பிரிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே. எனக்காக." கை ஜில்லென்று இருந்தது.

பார்வையாளர் நேரம் முடிந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆபரேஷன் என்றால் வலிக்கத்தானே செய்யும். அதிலும் இவர் எட்டு என்றால் நாம் ஆறு என்று எடுத்துக்கொள்ளலாம், இல்லை — இவர் கூட்டிச் சொல்கிற ஆளா? எட்டு என்றால் எட்டுக்கு மேல்தான். காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

சொன்னேன். போனதும் வராந்தாவிலேயே நர்ஸைப் பிடித்துச் சொன்னேன். "அவர் சொன்ன நம்பர் எல்லாம் பொய். எட்டு. நேத்தே எட்டு." அதற்குள் இவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. நாக்கு உலர்ந்து, கண் எங்கோ பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல் சின்ன டாக்டர் ஓடிவந்தாள். திரையை இழுத்துவிட்டார்கள். ஸ்கேன். அப்புறம் ஆபரேஷன் தியேட்டர், மறுபடியும்.

குடலைச் சேர்த்த இடத்தில் தையல் விட்டுக் கசிந்து வயிறு முழுக்கச் சீழ். பெரிய டாக்டர்தான் வந்து சொன்னார், உட்கார்ந்து, மெதுவாக. வயிற்றைக் கழுவி, குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்து, மலம் போக ஒரு பை மாட்டியிருக்கிறார்கள். இவர் சாப்பிடும் பிரஷர் மாத்திரை நாடித் துடிப்பை ஏற விடவில்லையாம். வலி மருந்து காய்ச்சலை அமுக்கிவிட்டதாம். அவர் பின்னால் நின்ற சின்ன டாக்டர், "வலி ஒண்ணுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள்.

வலி சொல்லிச்சு. என்கிட்ட சொல்லிச்சு. நேத்து சாயங்காலமே சொல்லிச்சு. என் வாயை என்ன தச்சா வெச்சிருந்தாங்க? ஒரு வார்த்தை, வராந்தால நடந்து போய் ஒரு வார்த்தை — முடியாதா? எவன் எவனோ தப்பா திருப்பறப்போ எல்லாம் பட்டுன்னு மிதிக்கிறவதானே நான். என் காலடியிலயும் பிரேக் இருந்துது. மிதிக்கல.

மார்ச் 9, திங்கள்

நாத்தனார் கேட்டாள்: "நீ பக்கத்துலதானே அண்ணி இருந்தீங்க?" நீ என்று ஆரம்பித்து நீங்க என்று முடித்தாள். கோபமும் மரியாதையும் அவளுக்குள் முட்டிக்கொண்டன.

சனிக்கிழமையே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதா என்று பெரிய டாக்டரைக் கேட்டேன். "அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மார்ச் 12, வியாழன்

வாயில் குழாய். பேச முடியாது. மயக்க மருந்தைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். நான் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தார், என்னை அடையாளம் தெரிந்தது. ஐ.சி.யூ. நர்ஸுக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. குனிந்து, "வலி எவ்வளவு இருக்குங்க? விரல்ல காட்டுங்க" என்றாள்.

இரண்டு விரலைக் காட்டினார்.

நான் கத்திவிட்டேன். "போதும், யாருக்காகவும் சொல்ல வேணாம், நிஜத்தைச் சொல்லுங்க." என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். நர்ஸ் பயந்துவிட்டாள். பாவம், அவள் என்ன செய்தாள்?

மார்ச் 16, திங்கள்

காலையில் போய்விட்டார்.

மார்ச் 21, சனி

எல்லோரும் கிளம்பியாயிற்று. பையனும் போய்விட்டான். எடைமேடையில் கூட வேலை பார்க்கிறவர் வந்து இவருடைய பொருள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். மூக்குக்கண்ணாடி, டிபன் பாக்ஸ், நாற்காலியில் போட்டு உட்காரும் சின்ன மெத்தை. மெத்தையின் நடுவில் பள்ளம். உள்ளே கொண்டுபோய் வைக்க மனம் வராமல் கூடத்தில் நாற்காலியிலேயே போட்டிருக்கிறேன்.

இவருடைய என்று எழுதிவிட்டேன். இனி அவருடைய என்று எழுதிப் பழக வேண்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. பால்காரரிடம் பாதி அளவு போதும் என்று சொன்னேன்.

ஏப்ரல் 11, சனி

சின்ன டாக்டர் வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்தபோது யாரென்று ஒரு கணம் தெரியவில்லை. கோட்டு இல்லாமல் ரொம்பச் சின்னப் பெண்ணாக இருந்தாள். மெத்தை போட்ட நாற்காலியில் உட்காரப் போனவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு நாற்காலிக்கு மாறினாள்.

அவர் ஏன் இரண்டு என்று சொன்னார் என்பதை முழுதும் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. வலி தாங்குகிற ஆள் என்று நினைத்திருக்கிறாள்.

"எனக்கு எந்தப் பக்கம் ஜெயிக்கணும்னும் இல்லம்மா. எது நல்லதுன்னு தெரியணும், அவ்வளவுதான். அன்னிக்குப் பெரிய டாக்டர் சும்மா கிண்டல் பண்ணார். நாங்க எப்பவும் அப்படித்தான் பேசிக்குவோம்."

கிண்டல். அந்தக் கிண்டலைக் கேட்டுத்தான் மனிதருக்கு முகம் இறுகியது.

பிறகு தயங்கி, "எந்தக் குழுன்னு இப்போ உங்ககிட்ட சொல்லலாம். தெரிஞ்சுக்கணுமா?" என்றாள்.

"ஓட்டைதானே?"

தலையை அசைத்தாள். "இல்லம்மா. வயித்தைத் திறந்துதான் எடுத்தோம். கேமரான்னு அவர் காதுல விழுந்தது, அடுத்த ஆளுக்குத் தயார் பண்ணிட்டிருந்ததா இருக்கும்."

"அப்போ அவர் சொன்ன ரெண்டெல்லாம்?"

"திறந்து பண்ணவங்க கணக்குலதான் சேரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே சிரித்தேன். உயிரைக் கொடுத்துத் தூக்கிவிட்டார் மனிதர், எதிர்த் தட்டை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்து, நிறுத்த முடியாமல் போய்விட்டது. அவளும் அழுதாள். "நீளமா திறந்த வயித்துக்கு ரெண்டுதானான்னு எனக்குத் தோணியிருக்கணும். தோணிச்சும்மா. நல்லா தேறிட்டாரேன்னு சந்தோஷப்பட்டுட்டேன்" என்றாள். இவளைத் திட்ட வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். அழுகிறவளை எப்படித் திட்டுவது?

அந்த எண்களை மாற்றச் சொல்லிக் கேட்டேன். இரண்டை அடித்துவிட்டு எட்டு என்று போடு, நான் சாட்சி என்றேன்.

"சொன்னதைச் சொன்னபடியேதாம்மா வெச்சிருக்கணும். இப்போ நான் மாத்தினா அது இன்னொரு பொய். ஆனா தையல் விட்டது, மறுபடி ஆபரேஷன் பண்ணது, அவர் போனது, எல்லாம் அதுல இருக்கும். அதை யாரும் மறைக்க மாட்டோம்."

போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் ரொட்டியை எங்கே நின்று சாப்பிட்டாளோ, சாப்பிட்டாளோ இல்லையோ. கேட்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்றைக்கு அவர் மேல் கோபம். செத்துப்போனவர் மேல் கோபப்படலாமா? படுகிறேன். இரண்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு எட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் இதை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

ஏப்ரல் 28, செவ்வாய்

சின்ன டாக்டர் போன் செய்தாள். இனிமேல் நோயாளியிடம் கேட்ட பிறகு, பக்கத்தில் இருக்கிறவர்களையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்களாம். அந்த எண் ஆராய்ச்சிக் கணக்கில் சேராது, வைத்தியத்துக்கு மட்டும். நல்ல காரியம். யாருக்கோ உதவும். எனக்கு என்ன வந்தது என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதையும் எழுதிவைக்கிறேன்.

மே 4, திங்கள்

வேலைக்குப் போனேன். பேங்க் மேனேஜர் இன்னும் பாஸாகவில்லை. இரண்டு முறை தோற்றுவிட்டு, என்னிடம்தான் கற்பேன் என்று காத்திருந்திருக்கிறார். துக்கம் விசாரிக்கத் தெரியாமல் கண்ணாடியைச் சரிசெய்தபடி, "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றார்.

"நல்லா இருக்கேன். கிளட்சை மெதுவா விடுங்க."

இன்று வண்டி அணையவில்லை.

மே 23, சனி

பையன், நாத்தனார், கீழ் வீட்டு அம்மா, மளிகைக்கடைக்காரர். எல்லோருக்கும் ஒரே பதில். பரவாயில்லை, தேறிட்டேன். சொல்வது சுலபம். சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வருகிறது, அதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

ஜூன் 11, வியாழன்

ஒரு கல்லூரிப் பெண்ணை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். சிவப்பு விளக்கில் ஓர் அடி தள்ளி நிறுத்தினாள், அவ்வளவுதான் குற்றம். அவள் அழுதுகொண்டே ஓட்டினாள். டிரைவிங் பள்ளி முதலாளி கூப்பிட்டு, ஒரு வாரம் ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாட்டேன் என்றேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?

ஜூன் 20, சனி

வேலை முடிந்து வண்டியைக் கொட்டகையில் விட்டேன். சாவியை எடுத்தேன். இறங்க வேண்டியதுதான் பாக்கி. கால் எழவில்லை. காவலாளி வந்து ஜன்னலைத் தட்டிய பிறகுதான் இருட்டிவிட்டது தெரிந்தது.

ஜூன் 21, ஞாயிறு

பையன் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமைக் கேள்விகள். சாப்பிட்டியாம்மா? ஆச்சு. சாப்பிடவில்லை. தூங்கினியா? ம். தூங்கவில்லை.

"நல்லாத்தானே இருக்கே?" என்றான்.

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாகப் போனை வைத்திருப்பான்.

"இல்லடா" என்றேன். "நல்லா இல்ல. சாப்பாடு இறங்கல. நேத்து வண்டியை விட்டு இறங்க முடியாம உக்காந்திருந்தேன். அப்பா என்கிட்ட சொன்னாருடா, நான்தான் வெளிய சொல்லல, அதையே நினைச்சு நினைச்சு — என்னால தனியா முடியல. கிளம்பி வா."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்பாவுக்குக்கூட இப்படி அழாதவன்.

"எனக்கும் முடியலம்மா" என்றான். "லீவு இல்லன்னு அன்னிக்கு விட்டுட்டு வந்துட்டேனேன்னு தினமும்… நீ நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிட்டே இருந்தியா, நான் எப்படிச் சொல்றது?"

இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதோம்.

ராத்திரி பஸ்ஸில் ஏறுகிறான். கூடத்தில் அவனுக்குப் படுக்கை விரித்துவிட்டேன். கடைக்குப் போய் முட்டையும் ரொட்டியும் வாங்கி வந்தேன். அவன் வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.